டவுன்லோட் செய்த ஃபைல் வேறு செயலியில் திறக்கிறதா? சரிசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

பிடிஎஃப் எல்லாம் அக்ரோபாட்டில்தான் திறக்க வேண்டும் என்று விண்டோஸ் செட்டிங்ஸில் மாற்றிவிட்டீர்கள். ஆனாலும் குரோமில் ஒரு ஹால் டிக்கெட்டை டவுன்லோட் செய்து அதன் பெயரைக் கிளிக் செய்தால், குரோமிலேயே புதிய டேபில் திறக்கிறது. மறுபடி விண்டோஸ் செட்டிங்ஸுக்குப் போய்ப் பார்த்தால் அங்கே எல்லாம் சரியாகவே இருக்கிறது. பலரும் சிக்கிக்கொள்வது இங்கேதான். நீங்கள் மாற்றியதில் தவறில்லை. ஆனால் அந்தக் கிளிக்குக்குப் பதில் சொன்னது விண்டோஸ் அல்ல, குரோம்.

டவுன்லோட் செய்யும் ஒரு ஃபைல் எங்கே திறக்கும் என்பதை மூன்று தரப்புகள் தீர்மானிக்கலாம்: ஃபைலை அனுப்பும் இணையதளம், அதை வாங்கும் பிரவுசர், கம்ப்யூட்டரின் இயங்குதளம் (விண்டோஸ், மேக், லினக்ஸ் போன்றவை). இந்த மூன்றில் உங்கள் விஷயத்தில் முடிவெடுப்பது யார் என்று தெரிந்துவிட்டால் மீதி இரண்டு நிமிட வேலை. அது தெரியாமல் பிரவுசரை நீக்கி மறுபடி நிறுவுவதில் பயன் இல்லை.

முதலில் செய்ய வேண்டிய சோதனை

1. சிக்கல் தரும் ஃபைலை ஒருமுறை டவுன்லோட் செய்யுங்கள்.
2. பிரவுசரை மூடிவிடுங்கள்.
3. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் டவுன்லோட்ஸ் ஃபோல்டருக்குப் போய், அந்த ஃபைலை டபுள் கிளிக் செய்யுங்கள்.

இங்கேயும் தவறான செயலியில் திறந்தால், மாற்ற வேண்டியது இயங்குதளத்தில். இங்கே சரியாகத் திறந்து, பிரவுசருக்குள் கிளிக் செய்யும்போது மட்டும் தவறாகத் திறந்தால், மாற்ற வேண்டியது பிரவுசரில். லிங்கைத் தொட்டதுமே டவுன்லோட் ஆகாமல் டேபிலேயே விரிந்துவிட்டால், அதுவும் பிரவுசரின் வேலைதான், ஆனால் வேறொரு செட்டிங். ஒரே வகை ஃபைல் ஒரு தளத்திலிருந்து வரும்போது ஒழுங்காகவும் இன்னொரு தளத்திலிருந்து வரும்போது குழப்பமாகவும் நடந்துகொண்டால், சந்தேகப்பட வேண்டியது அந்தத் தளத்தை.

இணையதளம் என்ன சொல்லி அனுப்புகிறது

சர்வர், அதாவது இணையதளம் இயங்கும் கம்ப்யூட்டர், ஒரு ஃபைலை அனுப்பும்போது கூடவே அதன் வகையையும் சொல்லி அனுப்பும். மைம் டைப் என்று இதற்குப் பெயர். 1992-இல் மின்னஞ்சல் இணைப்புகளுக்காக வகுத்த முறை இது. பிறகு வலைத்தளங்களும் இதையே எடுத்துக்கொண்டன. இதோடு, "இதை டேபில் காட்டலாம்" அல்லது "இதை இணைப்பாகச் சேமிக்க வேண்டும்" என்ற குறிப்பையும் சர்வர் சேர்த்து அனுப்பலாம். ஒரு தளத்தின் பிடிஎஃப் டேபில் விரிவதும், இன்னொரு தளத்தின் பிடிஎஃப் நேராக டவுன்லோட் ஆவதும் இதனால்தான்.

சர்வர் சரியாக அமைக்கப்படவில்லை என்றால் வகை தவறாக வரும். டாக்எக்ஸ் (வேர்டு), எக்ஸ்எல்எஸ்எக்ஸ் (எக்செல்) ஃபைல்கள் உள்ளுக்குள் ஜிப் வடிவத்தில் கட்டப்பட்டவை. எனவே வேர்டு ஃபைல் ஒன்று ஜிப் என்ற பெயரில் இறங்கி, திறந்தால் உள்ளே புரியாத எக்ஸ்எம்எல் ஃபைல்களாக இருந்தால், பிரித்துப் போட வேண்டாம். பெயரின் கடைசியில் உள்ள ஜிப் என்பதை எடுத்துவிட்டு டாக்எக்ஸ் என்று மாற்றுங்கள், வேர்டில் திறக்கும். பிஎச்பி அல்லது ஏஎஸ்பிஎக்ஸ் என்று முடியும் பெயரோடு இறங்கும் ரசீதுகளும் பெரும்பாலும் பிடிஎஃப்தான். பெயரின் முடிவை மாற்றிப் பாருங்கள்.

இதற்கெல்லாம் ஃபைல் பெயரின் முடிவு, அதாவது எக்ஸ்டென்ஷன், கண்ணில் தெரிய வேண்டும். விண்டோஸ் அதை மறைத்தே வைத்திருக்கிறது. விண்டோஸ் 11-இல் ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து "வியூ", அதற்குள் "ஷோ", அதற்குள் "ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்" என்பதை டிக் செய்யுங்கள். இதை எல்லோருமே செய்து வைப்பது நல்லது. ஃபோட்டோ போலப் பெயர் வைத்துக்கொண்டு கடைசியில் இஎக்ஸ்இ என்று முடியும் வைரஸ் ஃபைல்கள், முடிவு மறைந்திருக்கும் கம்ப்யூட்டரில் ஃபோட்டோவாகவே தெரியும்.

விண்டோஸில் மாற்றுவது

எக்ஸ்ப்ளோரரில் டபுள் கிளிக் செய்தும் தவறாகத் திறந்தவர்களுக்கு இந்தப் பகுதி. விண்டோஸ் எக்ஸ்டென்ஷனை வைத்துத்தான் செயலியைத் தேர்ந்தெடுக்கிறது. எளிய வழி இது:

1. ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்து "ஓப்பன் வித்", பிறகு "சூஸ் அனதர் ஆப்" என்பதைத் தேர்ந்தெடுங்கள்.
2. வேண்டிய செயலியைத் தொடுங்கள். பட்டியலில் இல்லையென்றால் கடைசியில் "சூஸ் ஆன் ஆப் ஆன் யுவர் பிசி" என்று இருக்கும். அதன் வழியே புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் போய் அந்தச் செயலியின் இஎக்ஸ்இ ஃபைலைக் காட்டுங்கள்.
3. கீழே "ஆல்வேஸ்", "ஜஸ்ட் ஒன்ஸ்" என்று இரண்டு பட்டன்கள் இருக்கும். "ஆல்வேஸ்" அழுத்துங்கள். விண்டோஸ் 10-இல் பட்டனுக்குப் பதில், எப்போதும் இந்தச் செயலியையே பயன்படுத்து என்ற டிக் பெட்டி இருக்கும். அதை டிக் செய்யாமல் ஓகே கொடுத்தால் அந்த ஒருமுறைக்கு மட்டும்தான்.

இன்னொரு வழி செட்டிங்ஸில் "ஆப்ஸ்", அதற்குள் "டீஃபால்ட் ஆப்ஸ்". விண்டோஸ் 11-இல் மேலேயுள்ள பெட்டியில் முதலில் ஒரு புள்ளி வைத்து எக்ஸ்டென்ஷனை ஆங்கிலத்தில் டைப் செய்தால், இப்போது எந்தச் செயலி அதற்கு அமைந்திருக்கிறது என்று கீழே காட்டும். அதைத் தொட்டு வேறொன்றைத் தேர்ந்தெடுத்து "செட் டீஃபால்ட்" கொடுங்கள். ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும்: டாக் வேறு, டாக்எக்ஸ் வேறு, ஜேபிஜி வேறு, ஜேபிஇஜி வேறு. "வேர்டு ஃபைலுக்கு மாற்றினேனே, இது மட்டும் ஏன் லிப்ரே ஆஃபிஸில் திறக்கிறது" என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இதுதான் பதில்.

செயலிக்குள்ளேயே "என்னை டீஃபால்ட் ஆக்கு" (அதாவது, எப்போதும் என்னிலேயே திற) என்ற பட்டனை அழுத்தியும் எதுவும் மாறவில்லை என்று பலர் சொல்வார்கள். விண்டோஸ் 8 முதல், இந்தத் தேர்வைப் பயனர் தன் கையால் செய்ய வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கிறது. உங்கள் தேர்வோடு ஒரு சரிபார்ப்புக் குறியீடும், விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் பதிவாகும். வேறு புரோகிராம் நேரடியாக உள்ளே புகுந்து மாற்றினால் குறியீடு பொருந்தாது, விண்டோஸ் அந்த மாற்றத்தை ஏற்காது. ஆகவே அந்தப் பட்டன்களில் பல, உங்களை டீஃபால்ட் ஆப்ஸ் பக்கத்துக்குக் கொண்டுபோய் விடுவதோடு நின்றுவிடும். மீதியை நீங்கள் செய்தாக வேண்டும்.

குரோமில் மாற்றுவது

குரோம் பெரும்பாலான ஃபைல்களை இயங்குதளத்திடமே ஒப்படைத்துவிடும். வேர்டு ஃபைலைக் கிளிக் செய்தால் விண்டோஸில் வேர்டுக்கு எது அமைந்திருக்கிறதோ அதில்தான் திறக்கும். பிடிஎஃப் முக்கியமான விதிவிலக்கு. குரோமுக்குள் சொந்தமாக ஒரு பிடிஎஃப் வியூவர் இருப்பதால், டவுன்லோட் ஆன பிடிஎஃப்பைக்கூட அதிலேயே திறக்கும். இதற்கு இரண்டு இடங்களில் கை வைக்க வேண்டியிருக்கும்.

லிங்கைத் தொட்டதும் டேபில் விரிவதை நிறுத்த: செட்டிங்ஸில் "பிரைவசி அண்ட் செக்யூரிட்டி", அதில் "சைட் செட்டிங்ஸ்", கீழே இறங்கி "அடிஷனல் கன்டென்ட் செட்டிங்ஸ்", அதற்குள் "பிடிஎஃப் டாக்குமென்ட்ஸ்". அங்கே "டவுன்லோட் பிடிஎஃப்ஸ்" என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

டவுன்லோட் ஆனதைக் கிளிக் செய்யும்போது குரோமிலேயே திறப்பதை நிறுத்த: முகவரிப் பட்டைக்கு வலப்பக்கம் வரும் டவுன்லோட் ஐகானைத் திறந்து, அந்த பிடிஎஃப்பின் மேல் ரைட் கிளிக் செய்யுங்கள். "ஆல்வேஸ் ஓப்பன் வித் சிஸ்டம் வியூவர்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். இனி விண்டோஸில் அமைத்த செயலிக்கே போகும். கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன சிக்கலுக்கு மருந்து இந்த ஒரு வரிதான்.

இதே மெனுவில் மற்ற வகை ஃபைல்களுக்கு "ஆல்வேஸ் ஓப்பன் ஃபைல்ஸ் ஆஃப் திஸ் டைப்" என்று வரும். இதைத் தெரியாமல் அழுத்திவிட்டால், அதன்பின் அந்த வகை ஃபைல் இறங்கியதுமே தானாகத் திறந்துகொண்டே இருக்கும். நிறுத்த, செட்டிங்ஸில் "டவுன்லோட்ஸ்" பகுதிக்குப் போய், தானாகத் திறக்கும் ஃபைல் வகைகள் பற்றிய வரிக்கு எதிரே "கிளியர்" அழுத்துங்கள். எந்த வகையையும் நீங்கள் அப்படி அமைக்கவில்லை என்றால் அந்த வரியே அங்கே தெரியாது. ஒரே கம்ப்யூட்டரைப் பலர் பயன்படுத்தும் இடங்களில் இந்தத் தானியங்கித் திறப்பை எதற்குமே வைக்காதீர்கள் என்பேன். ஒருவர் டவுன்லோட் செய்யும் வங்கிக் கணக்கு அறிக்கை, பக்கத்தில் நிற்பவர் கண்முன்னே தானாக விரிய வேண்டியதில்லை.

எட்ஜில் மாற்றுவது

எட்ஜ், குரோமின் அடித்தளத்தில் கட்டப்பட்டதுதான். செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் பிடிஎஃப் என்று ஆங்கிலத்தில் தேடி, "ஆல்வேஸ் டவுன்லோட் பிடிஎஃப் ஃபைல்ஸ்" என்பதை ஆன் செய்யுங்கள். பதிப்புக்குப் பதிப்பு மெனு இடம் மாறுவதால் தேடிப் போவதே சுலபம்.

எட்ஜுக்கே உரிய இன்னொரு குழப்பம் உண்டு. வேர்டு, எக்செல் லிங்கைத் தொட்டால் டவுன்லோட் ஆகாமல் ஒரு டேபில், படிக்க மட்டும் முடிகிற மாதிரி திறக்கும். அதில் எழுத முடியவில்லையே என்று திணறுவார்கள். செட்டிங்ஸில் "டவுன்லோட்ஸ்" பக்கத்தில் "ஓப்பன் ஆஃபிஸ் ஃபைல்ஸ் இன் தி பிரவுசர்" என்பதை ஆஃப் செய்தால் போதும்.

ஃபயர்ஃபாக்ஸில் மாற்றுவது

இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்த பிரவுசர் ஃபயர்ஃபாக்ஸ். ஒவ்வொரு ஃபைல் வகைக்கும் என்ன செய்ய வேண்டும் என்று தனி அட்டவணையே வைத்திருக்கிறது. இயங்குதளம் ஒன்று சொன்னாலும் இந்த அட்டவணையில் வேறொன்று இருந்தால், பிரவுசரின் பேச்சுதான் செல்லும். விண்டோஸில் எத்தனை முறை மாற்றினாலும் பலிக்காமல் போவதற்கும் இதுவே காரணம்.

1. செட்டிங்ஸைத் திறந்து "ஜெனரல்" பகுதியில் கீழே "அப்ளிகேஷன்ஸ்" என்ற தலைப்பு வரை வாருங்கள்.
2. இடப்பக்கம் ஃபைல் வகைகள், வலப்பக்கம் செய்ய வேண்டியது. வேண்டிய வகையின் வரியைத் தொடுங்கள்.
3. வலப்பக்கம் விரியும் பட்டியலில் "சேவ் ஃபைல்" என்றால் சேமித்துவிட்டு நிற்கும். "ஆல்வேஸ் ஆஸ்க்" என்றால் ஒவ்வொரு முறையும் கேட்கும். "டீஃபால்ட்" என்று குறித்த செயலியைத் தேர்ந்தெடுத்தால் விண்டோஸ் சொல்வதைக் கேட்கும். "யூஸ் அதர்" கொடுத்து நீங்களே ஒரு செயலியைக் காட்டலாம். பிடிஎஃப் போல ஃபயர்ஃபாக்ஸே காட்டக்கூடிய வகைகளுக்கு "ஓப்பன் இன் ஃபயர்ஃபாக்ஸ்" கூடுதலாக இருக்கும்.

எல்லா ஃபைல் வகையும் இந்த அட்டவணையில் இருக்காது. வேண்டிய வகை அங்கே இல்லையென்றால், அந்த வகை ஃபைல் ஒன்றை டவுன்லோட் செய்து, டவுன்லோட் பட்டியலில் அதன் மேல் ரைட் கிளிக் செய்து "ஆல்வேஸ் ஓப்பன் சிமிலர் ஃபைல்ஸ்" கொடுங்கள்.

பழைய ஃபயர்ஃபாக்ஸ் பழகியவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். முன்பெல்லாம் ஒவ்வொரு ஃபைலுக்கும் "திறக்கவா, சேமிக்கவா" என்று ஒரு பெட்டி வந்து கேட்கும். 2022 மார்ச்சில் வந்த 98-ஆம் பதிப்பில் அது போய், ஃபைல் கேட்காமலேயே இறங்கத் தொடங்கியது. பழைய பழக்கம் வேண்டுமென்றால், அதே அட்டவணைக்குக் கீழே மற்ற ஃபைல்களை என்ன செய்வது என்ற கேள்வியில், திறக்கவா சேமிக்கவா என்று கேட்கச் சொல்லும் தேர்வை வையுங்கள். அலுவலகத்தில் நாளெல்லாம் விதவிதமான ஃபைல்களோடு வேலை செய்பவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான்.

அட்டவணையே சிக்கலாகிப் போய், எதை மாற்றினாலும் பழையபடி திரும்பினால் கடைசி மருந்து ஒன்று உண்டு. உதவி மெனுவில் "மோர் ட்ரபுள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்" பக்கத்தைத் திறந்து, "புரொஃபைல் ஃபோல்டர்" வரிக்கு எதிரே உள்ள பட்டனால் அந்த ஃபோல்டரைத் திறந்து வையுங்கள். பிறகு ஃபயர்ஃபாக்ஸை முழுதாக மூடுங்கள். உள்ளே "ஹேண்ட்லர்ஸ்" என்ற ஜேசன் ஃபைல் இருக்கும். அதை அழிக்க வேண்டாம், பெயரை மட்டும் மாற்றுங்கள். ஃபயர்ஃபாக்ஸ் மறுபடி திறக்கும்போது புதிய அட்டவணை உருவாகும். புக்மார்க்கும் பாஸ்வேர்டும் வேறு ஃபைல்களில் இருப்பதால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது.

எந்தச் செயலியில் திறப்பது நல்லது

பிடிஎஃப்பைப் படிக்க மட்டும் என்றால் பிரவுசரே போதும். ஆனால் டிஜிட்டல் கையெழுத்து உள்ள ஆவணங்களுக்குப் போதாது. இ-ஆதாரை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரின் முதல் நான்கு எழுத்தை ஆங்கிலப் பெரிய எழுத்தில் போட்டு, பிறந்த வருடத்தைச் சேர்த்தால் பாஸ்வேர்டு, குரோமிலும் திறந்துவிடும். ஆனால் கையெழுத்து இருக்கும் இடத்தில் மஞ்சள் கேள்விக்குறியோடு "வேலிடிட்டி அன்னோன்" என்று இருக்கும். அதைச் சரிபார்க்க அக்ரோபாட் ரீடரில் திறந்து, அந்த இடத்தில் ரைட் கிளிக் செய்து "வேலிடேட் சிக்னேச்சர்" கொடுக்க வேண்டும். குரோமின் வியூவரில் இந்த வசதி கிடையாது.

பழைய அரசுப் படிவங்கள் சிலவற்றைத் திறந்தால், படிவத்துக்குப் பதில் "ப்ளீஸ் வெயிட்" என்ற ஒரே பக்கம் வந்து அப்படியே நிற்கும். ஃபைல் கெட்டுப்போகவில்லை. அது எக்ஸ்எஃப்ஏ என்ற படிவ முறையில் செய்தது. அந்த முறை தெரியாத வியூவரில் அந்த ஒரு பக்கம்தான் தெரியும். அதையும் அக்ரோபாட் ரீடரில் திறங்கள்.

சிஎஸ்வி ஃபைல், அதாவது காற்புள்ளியால் பிரித்து எழுதிய அட்டவணை, விஷயத்தில் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும், ஏனென்றால் இங்கே தவறான செயலி தகவலையே கெடுத்துவிடும். எக்செல் நிறுவிய கம்ப்யூட்டரில் சிஎஸ்வியை டபுள் கிளிக் செய்தால் எக்செல்லில் திறக்கும். உள்ளே தமிழ்ப் பெயர்கள் இருந்தால், அவை தமிழாகத் தெரியாமல் கொம்பும் வாலுமான ஐரோப்பிய எழுத்துகளாகக் கொட்டிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஃபைல் யூடிஎஃப்-8 என்ற, எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்து முறையில் இருந்தும், அதன் தொடக்கத்தில் அதைச் சொல்லும் அடையாளக் குறி இல்லாவிட்டால், எக்செல் பழைய விண்டோஸ் எழுத்து முறை என்று எண்ணிப் படிப்பதால் வரும் கோளாறு இது. எண்களின் கதி இன்னும் மோசம். 12 இலக்கமுள்ள ஆதார் எண் நடுவில் ஈ போட்ட சுருக்க வடிவமாகத் தெரியும். கைபேசி எண்ணுக்கு முன்னால் இருந்த பூஜ்யம் காணாமல் போகும். 15 இலக்கத்துக்கு மேற்பட்ட கணக்கு எண்ணின் கடைசி இலக்கங்கள் பூஜ்யமாகிவிடும். அந்த நிலையில் சேவ் செய்துவிட்டால் பழைய எண்ணை அந்த ஃபைலிலிருந்து மீட்க வழியில்லை.

எனவே எக்செல்தான் வேண்டும் என்பவர்கள் டபுள் கிளிக் செய்யாதீர்கள். வெற்று ஒர்க்புக்கைத் திறந்து, "டேட்டா" தாவலில் "ஃப்ரம் டெக்ஸ்ட் ஆர் சிஎஸ்வி" வழியாக ஃபைலைக் காட்டுங்கள். வரும் பெட்டியில் "ஃபைல் ஆரிஜின்" என்ற இடத்தில் 65001 என்று தொடங்கும் யூடிஎஃப்-8 வரியைத் தேர்ந்தெடுங்கள். தமிழ் உடனே சரியாகும். எண்களுக்கு "டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா" கொடுத்து, அந்தப் பத்தியை டெக்ஸ்ட் வகைக்கு மாற்றிவிட்டு லோட் செய்யுங்கள்.

தினமும் சிஎஸ்வி இறக்குபவர்களுக்கு என் யோசனை வேறு. எக்செல் போன்ற இலவசச் செயலியான லிப்ரே ஆஃபிஸ் கால்க்கை நிறுவி, விண்டோஸில் சிஎஸ்விக்கு மட்டும் அதை டீஃபால்ட் ஆக்குங்கள். மற்ற எக்செல் ஃபைல்கள் எக்செல்லிலேயே இருக்கட்டும். கால்க் ஒவ்வொரு சிஎஸ்வியையும் திறக்கும் முன்பு எழுத்து முறை என்ன, எந்தப் பத்தி டெக்ஸ்ட் என்று ஒரு பெட்டியில் கேட்கும். மாதிரியும் கீழே தெரியும். தமிழ் சரியாகத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு ஓகே கொடுக்கலாம்.

படங்களில் ஒரு சின்ன விஷயம். ஜேபிஜி படத்தை விண்டோஸில் சேமித்தால் சில கம்ப்யூட்டர்களில் ஜேஎஃப்ஐஎஃப் என்ற முடிவோடு இறங்கும். விண்ணப்பத் தளங்கள் அதை ஏற்காமல் திருப்பும். உள்ளே இருப்பது அதே ஜேபிஇஜி படம்தான். எக்ஸ்டென்ஷனை ஜேபிஜி என்று மாற்றினால் போதும், கன்வெர்ட்டர் தளங்களில் உங்கள் ஃபோட்டோவையும் கையெழுத்தையும் ஏற்ற வேண்டியதே இல்லை.

ஆண்ட்ராய்டு போனில்

டவுன்லோட் ஆன ஃபைலை முதல்முறை தொடும்போது எந்தச் செயலி என்று கேட்டு, "ஜஸ்ட் ஒன்ஸ்", "ஆல்வேஸ்" என்று இரண்டு தேர்வு காட்டும். அவசரத்தில் "ஆல்வேஸ்" அழுத்திவிட்டால் அதன்பின் கேட்காது. திருத்த, இப்போது தவறாகத் திறக்கும் செயலியின் பெயரை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். செட்டிங்ஸில் "ஆப்ஸ்", அதில் அந்தச் செயலி, அதற்குள் "ஓப்பன் பை டீஃபால்ட்" அல்லது "செட் அஸ் டீஃபால்ட்" என்று இருக்கும். அதில் "கிளியர் டீஃபால்ட்ஸ்" கொடுங்கள். மறுபடி ஃபைலைத் தொட்டால் பழையபடி கேட்கும். பலர் செய்வது இதற்கு நேர்மாறு: தாங்கள் விரும்பும் செயலியின் பக்கத்தில் போய்த் தேடுவார்கள். அழிக்க வேண்டிய பதிவு இருப்பது தவறான செயலியின் பக்கத்தில்.

மேக்கில்

ஃபைன்டரில் ஃபைலைத் தேர்ந்தெடுத்து கமாண்ட், ஐ விசைகளைச் சேர்த்து அழுத்தினால் தகவல் பெட்டி திறக்கும். "ஓப்பன் வித்" பகுதியில் செயலியை மாற்றிவிட்டு, கீழே "சேஞ்ச் ஆல்" அழுத்துங்கள். அதை அழுத்தாவிட்டால் அந்த ஒரு ஃபைலுக்கு மட்டும்தான் மாறும். சஃபாரியில் ஃபைல் இறங்கியதும் தானாகத் திறந்தால், செட்டிங்ஸின் "ஜெனரல்" பகுதியில், பாதுகாப்பான ஃபைல்களை டவுன்லோடுக்குப் பின் திறக்கச் சொல்லும் டிக்கை எடுத்துவிடுங்கள். எடுத்து வைப்பதே நல்லது.

லினக்ஸில்

உபுன்டு போன்ற க்னோம் டெஸ்க்டாப்பில், ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்து "ஓப்பன் வித்" கொடுத்து, செயலியைத் தேர்ந்தெடுக்கும் பெட்டியில் இந்த வகைக்கு எப்போதும் இதையே பயன்படுத்து என்ற தேர்வையும் ஆன் செய்யுங்கள். லினக்ஸ் எக்ஸ்டென்ஷனை மட்டும் நம்பாமல், தேவைப்பட்டால் ஃபைலின் உள்ளடக்கத்தையும் பார்த்து வகையை முடிவு செய்யும்.

லினக்ஸில் அடிக்கடி வரும் விசித்திரமான சிக்கல் ஒன்று: பிரவுசரில் "ஷோ இன் ஃபோல்டர்" அழுத்தினால் ஃபைல் மேனேஜருக்குப் பதில் ஒரு கோட் எடிட்டரோ இசைச் செயலியோ திறக்கும். லினக்ஸில் ஃபோல்டரும் ஒரு மைம் வகைதான். புதிதாக நிறுவிய செயலி "நானும் ஃபோல்டரைத் திறப்பேன்" என்று பதிவு செய்துகொண்டு முன்னால் வந்து நின்றுவிட்டது. ஏதாவது ஒரு ஃபோல்டரின் மேல் ரைட் கிளிக் செய்து, மேலே சொன்னபடியே ஃபைல் மேனேஜரைத் தேர்ந்தெடுத்தால் தீரும். தீராவிட்டால், ஹோம் ஃபோல்டரில் மறைந்திருக்கும் "கான்ஃபிக்" ஃபோல்டரைக் கன்ட்ரோல், எச் அழுத்தி வெளியே கொண்டுவாருங்கள். அதற்குள் "மைம்ஆப்ஸ்" என்று தொடங்கும் பட்டியல் ஃபைல் இருக்கும். அதை டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்தால் ஒவ்வொரு வரியிலும் இடப்பக்கம் வகை, வலப்பக்கம் செயலி. ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு, தவறான செயலியின் பெயர் உள்ள வரியை நீக்கிச் சேமியுங்கள். பிரவுசரை ஒருமுறை மூடித் திறந்து, "ஷோ இன் ஃபோல்டர்" மறுபடி அழுத்திப் பாருங்கள்.